ஆகஸ்ட் துவோராக்

ஆகஸ்ட் துவோராக் (மே 5, 1894 – அக்டோபர் 10, 1975) ஓர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர். சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். தன் மைத்துனர் வில்லியம் டீலியுடன் இணைந்து ஆங்கிலத் தட்டச்சுக்கெனத் துவோராக் விசைப்பலகை அமைப்பை உருவாக்கியதற்காக இவர் பரவலாக அறியப்படுகிறார். இந்த அமைப்புக்கு 1936 ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. வழக்கிலிருந்த குவெர்ட்டி அமைப்புக்கு மாற்றாக இதனை நிலைநிறுத்த இவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முயன்றார். தட்டச்சுப் பொறிகளின் காலத்தில் அம்முயற்சி வெற்றி பெறவில்லை. விசைப்பலகை அமைப்பு என்பது மென்பொருளில் உள்ள ஓர் அட்டவணையாக மாறிய பின்னரே, இவரது அமைப்பு எல்லாருக்கும் எளிதில் கிடைப்பதாயிற்று.

இளமையும் பணியும்

துவோராக் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள கிளென்கோ என்னும் ஊரில் பிறந்தார். கல்வி உளவியலைத் தன் துறையாகக் கொண்டார். மாணவர்கள் ஒரு திறனை எவ்வாறு கற்கின்றனர், அதில் எங்கே பிழை செய்கின்றனர், அப்பிழைகளை எவ்வாறு அளவிடுவது என்பவை அத்துறையின் முதன்மையான கேள்விகள். பின்னாளில் தட்டச்சு பற்றி இவர் செய்த ஆய்வுகளும் இக்கேள்விகளிலிருந்தே தோன்றின. இவர் பொறியாளரோ, தட்டச்சுப் பொறி உற்பத்தியாளரோ அல்லர். தட்டச்சை மனிதர் கற்றுக்கொள்ளும் ஒரு திறனாகவே அணுகினார்.

ஆய்வின் பின்னணி

தட்டச்சுப் பொறிகளில் பரவலாக இருந்த குவெர்ட்டி அமைப்பு கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவரின் பொறியிலிருந்து வந்தது. ஷோல்சும் அவருடைய கூட்டாளிகளும் 1868 ஆம் ஆண்டு முதல் காப்புரிமையைப் பெற்றனர். 1873 ஆம் ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் அப்பொறியை உற்பத்தி செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு ஆண்டில் பொறி விற்பனைக்கு வந்தது. எழுத்துகள் இவ்வாறு வரிசைப்படுத்தப்பட்டதன் காரணம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்காமல் இருக்கவே இவ்வாறு அமைக்கப்பட்டது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். தந்திச் செய்திகளைக் கேட்டு எழுதியவர்களின் தேவைக்கேற்ப அமைப்பு படிப்படியாக மாறியது என ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டுள்ளனர்.

காரணம் எதுவாயினும், ஷோல்ஸ் இப்பொறியை உருவாக்கிய காலத்தில் பத்து விரல்களாலும் விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்யும் முறை பரவியிருக்கவில்லை. அம்முறை பரவிய பிறகும் எழுத்துகளின் இடம் மாறவில்லை. இந்த முரண்பாடே துவோராக்கின் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று.

கெர்ட்ரூட் ஃபோர்டு என்னும் மாணவி தட்டச்சுப் பிழைகள் குறித்து முதுகலை ஆய்வு மேற்கொண்டபோது துவோராக் அவருக்கு நெறியாளராக இருந்தார். பிழைகளில் பல, தட்டச்சு செய்வோரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வனவல்ல. எழுத்துகள் அமைந்துள்ள இடத்தாலும் நேர்கின்றன என்ற முடிவுக்கு இவர் வந்தார். டீலி, ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் ஆகியோரின் இயக்க ஆய்வுகளால் கவரப்பட்டிருந்தார். தொழிலாளர்களின் கை அசைவுகளைத் திரைப்படமாகப் பிடித்து, வீணான அசைவுகளைக் கண்டறிந்து நீக்குவது கில்பிரெத் இணையரின் முறை. அம்முறையைத் தட்டச்சுக்குப் பொருத்திப் பார்த்ததன் விளைவே புதிய விசைப்பலகை.

புதிய அமைப்பு

துவோராக்கும் டீலியும் ஆங்கிலத்தில் எந்தெந்த எழுத்துகள் அதிகம் வருகின்றன, எந்த இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன என்பதைக் கணக்கிட்டனர். கைகளின் உடலமைப்பையும் கருத்திற்கொண்டனர். அவர்கள் பின்பற்றிய கொள்கைகளைப் பின்வருமாறு சுருக்கலாம்:

- மிகுதியாகப் பயன்படும் எழுத்துகள், விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் அமைய வேண்டும்.
- இடக்கையும் வலக்கையும் மாறிமாறி இயங்க வேண்டும்.
- அரிதான எழுத்துகள், எட்டுவதற்குக் கடினமான கீழ் வரிசைக்குச் செல்ல வேண்டும்.
- பெரும்பாலோருக்கு வலக்கை வலுவானது என்பதால் அதற்குச் சற்றே கூடுதல் வேலை தரப்பட வேண்டும்.
- விரல்களின் ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அமைய வேண்டும்.

இதன்படி ஏ, ஓ, ஈ, யூ, ஐ ஆகிய ஐந்து உயிரெழுத்துகளும் நடு வரிசையில் இடக்கையின் கீழ் வந்தன. மிகுதியாகப் பயன்படும் மெய்யெழுத்துகள் ஐந்து அதே வரிசையில் வலக்கையின் கீழ் வந்தன. ஆங்கிலச் சொற்களில் உயிரும் மெய்யும் பெரும்பாலும் மாறிமாறி வருவதால் கைகளும் மாறிமாறி இயங்கின. துவோராக் அமைப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டு அழுத்தங்கள் நடு வரிசையில் நிகழ்கின்றன என்றும், குவெர்ட்டியில் இது 32 விழுக்காடு மட்டுமே என்றும் கணக்கிடப்பட்டது. எழுத்துகளில் ஏ, எம் ஆகிய இரண்டு மட்டுமே இரு அமைப்புகளிலும் ஒரே இடத்தில் உள்ளன.

எண்களின் வரிசையும் மாற்றப்பட்டது. மூல அமைப்பில் அவை 7, 5, 3, 1, 9, 0, 2, 4, 6, 8 என அமைந்திருந்தன.

காப்புரிமைக்கான விண்ணப்பம் 1932 ஆம் ஆண்டு மே மாதம் அளிக்கப்பட்டு, 1936 மே 12 அன்று 2,040,248 என்ற எண்ணுடன் காப்புரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் துவோராக், டீலி, ஃபோர்டு, நெல்லி மெரிக் ஆகிய நால்வரும் எழுதிய டைப்ரைட்டிங் பிஹேவியர் என்னும் நூல் வெளிவந்தது. தட்டச்சின் உளவியலையும் உடலியக்கத்தையும் விரிவாக ஆராயும் நூல் இது.

பொறியை மாற்றும் சிக்கல்

புதிய அமைப்பில் பயிற்சி பெற்றவர்கள் 1930களில் தட்டச்சுப் போட்டிகளில் கலந்துகொண்டு பரிசுகள் பல வென்றனர். எனினும் அலுவலகங்கள் மாறவில்லை. இதற்கான முதன்மைக் காரணத்தைத் தட்டச்சுப் பொறியின் அமைப்பிலேயே காணலாம்.

அக்காலப் பொறியில் ஒவ்வொரு விசையும் நெம்புகோல்கள் வழியே ஓர் எழுத்துக் கம்பியுடன் இணைக்கப்பட்டிருந்தது. கம்பியின் நுனியில் எழுத்தச்சு பற்றவைக்கப்பட்டிருக்கும். எழுத்துகளின் இடத்தை மாற்ற வேண்டுமாயின், அச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு கம்பிகளில் நேராகப் பற்றவைக்க வேண்டும். விசைகளின் மேலுள்ள குறிகளையும் மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றப்பட்ட பொறி குவெர்ட்டியில் பயின்றவருக்குப் பயன்படாது. எனவே மாற்றம் என்பது ஒருவரோடு நிற்பதாக இல்லை. பொறி வாங்கும் நிறுவனம், பயிற்சி தரும் பள்ளி, வேலை தேடும் தட்டச்சர் ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் மாற வேண்டியிருந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1930களில் இதற்கு முன்வருவோர் குறைவாகவே இருந்தனர்.

1961 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட செலக்ட்ரிக் பொறியில் தனித்தனி எழுத்துக் கம்பிகள் இல்லை. எல்லா எழுத்துகளும் ஒரு சிறிய உருண்டையின் மேல் அமைந்திருந்தன. விசை அழுத்தப்படும்போது உருண்டை குறிப்பிட்ட அளவு சுழன்றும் சாய்ந்தும் தாளில் பதிந்தது. உருண்டையிலுள்ள எழுத்துகளின் இடத்தை மாற்றினால் விசைப்பலகை அமைப்பே மாறிவிடும் என்ற நிலை இதனால் உருவாயிற்று. அழுத்தப்படும் விசையும் பதியும் எழுத்தும் ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தொடங்கியது துவோராக்கின் வாழ்நாளிலேயே நிகழ்ந்தது.

கடற்படை ஆய்வு

இரண்டாம் உலகப் போரின்போது துவோராக் அமெரிக்கக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர் பதவியில் பணியாற்றினார். நேரம், இயக்கம் ஆகியவை குறித்த ஆய்வுகளில் வல்லுநராகக் கருதப்பட்டார். 1944 ஆம் ஆண்டு கடற்படையில் இவரது அமைப்பு சோதிக்கப்பட்டது. 14 தட்டச்சர்களுக்குத் துவோராக் அமைப்பில் மறுபயிற்சி அளிக்கப்பட்டது. சராசரியாக நிமிடத்துக்கு 32 சொற்களாக இருந்த அவர்களின் வேகம், 83 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 56 சொற்களாக உயர்ந்ததாக அறிக்கை கூறியது. குவெர்ட்டியில் கூடுதல் பயிற்சி பெற்ற 18 பேர் கொண்ட மற்றொரு குழு 29 சொற்களிலிருந்து 37 சொற்களுக்கு முன்னேறியது. அதற்கு 158 மணி நேரம் செலவானது.

துவோராக் அமைப்புக்குச் சாதகமாக மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இதுவே. இதன் மீது இரண்டு குறைகள் சுட்டப்படுகின்றன. இரு குழுக்களின் தொடக்க, இறுதி வேகங்களைச் சராசரி காண ஒரே முறை பின்பற்றப்படவில்லை என்பது முதலாவது. ஆய்வை நடத்தியவர் துவோராக்கே என்பது இரண்டாவது. காப்புரிமை வைத்திருப்பவரே தன் கண்டுபிடிப்பை மதிப்பிடுவது அவரது நேர்மை எத்தகையதாயினும் ஐயத்துக்கு இடமளிக்கும். முடிவுகள் உண்மையாக இருந்திருக்கக்கூடும். ஆனால் தொடர்பற்ற ஒருவர் அவற்றை உறுதிசெய்யாத வரையில் அரசையோ நிறுவனங்களையோ இணங்கவைக்க அவை போதவில்லை.

1956 ஆம் ஆண்டு ஆய்வு

அமெரிக்க அரசின் பொதுப் பணிகள் நிர்வாகத்துக்காக ஏர்ல் ஸ்ட்ராங் என்பவர் 1956 ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டார். அரசுத் தட்டச்சர் பத்துப் பேர் நாள்தோறும் நான்கு மணி நேரம் துவோராக் அமைப்பில் பயிற்சி பெற்றனர். தங்கள் பழைய குவெர்ட்டி வேகத்தை எட்டவே அவர்களுக்கு 25 நாள்களுக்கு மேல் தேவைப்பட்டது. அதன் பின்னர், குவெர்ட்டியில் கூடுதல் பயிற்சி பெற்ற வேறு பத்துப் பேருடன் அவர்கள் ஒப்பிடப்பட்டனர். குவெர்ட்டிக் குழுவே கூடுதல் முன்னேற்றம் கண்டது. ஆகவே மாற்றத்துக்கு ஆகும் செலவு பயனுள்ளதன்று என ஸ்ட்ராங் முடிவு செய்தார்.

இவ்வாய்வும் குறைகூறலுக்குத் தப்பவில்லை. ஸ்ட்ராங் முன்னரே துவோராக் அமைப்புக்கு எதிரான மனநிலை கொண்டிருந்தார் என்றும், மூலத் தரவுகள் பிறர் சரிபார்க்கக் கிடைக்கவில்லை என்றும் ஆதரவாளர்கள் வாதிட்டனர். எனினும் அரசு அலுவலகங்கள் புதிய அமைப்புக்கு மாறும் வாய்ப்பு இந்த அறிக்கையுடன் பெரிதும் குன்றியது.

ஒரு கையால் தட்டச்சு செய்வோருக்கான அமைப்புகள்

துவோராக்கின் பணிகளில் அதிகம் பேசப்படாதது, ஒரு கையை மட்டும் பயன்படுத்துவோருக்காக இவர் வடிவமைத்த இரண்டு அமைப்புகள். ஒன்று இடக்கைக்கும் மற்றொன்று வலக்கைக்கும் உரியது. இவற்றில் மிகுதியாகப் பயன்படும் எழுத்துகள், விசைப்பலகையில் அந்தக் கைக்கு எளிதில் எட்டும் பகுதியில் குவிக்கப்பட்டுள்ளன. இரு கைகளுக்கான அமைப்பின் எழுத்து வரிசையைச் சுருக்கி உருவாக்கப்பட்டவை அல்ல இவை. ஒரு கையின் இயக்கத்தைத் தனியே கருதி அமைக்கப்பட்டவை. இவற்றைப் பொறுத்தவரை வேகப் போட்டிக்கு இடமில்லை. கை இழந்த ஒருவர் தட்டச்சுப் பணியைத் தொடர முடியுமா என்பதே கேள்வி.

இறுதிக் காலம்

துவோராக் தன் அமைப்பைப் பற்றிய எழுத்தையும் பரப்புரையையும் முதுமை வரை கைவிடவில்லை. மக்களுக்கு நன்மை தரும் எனத் தாம் நம்பிய ஒன்று ஏற்கப்படாதது அவருக்கு மனச்சோர்வைத் தந்தது. 1975 அக்டோபர் 10 அன்று தமது 81 ஆவது அகவையில் காலமானார்.

கணினியில் துவோராக் அமைப்பு

கணினி விசைப்பலகையில் விசைக்கும் எழுத்துக்கும் இடையே உலோக இணைப்பு ஏதும் இல்லை. விசையை அழுத்தும்போது ஓர் எண் மட்டுமே கணினிக்குச் செல்கிறது. அந்த எண்ணுக்குரிய எழுத்து எது என்பதை மென்பொருள் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. அட்டவணையை மாற்றினால் அமைப்பு மாறிவிடும். மீண்டும் பழைய அட்டவணையை ஏற்றினால் குவெர்ட்டி திரும்பிவிடும். ஒரே கணினியை இருவர் இருவேறு அமைப்புகளில் பயன்படுத்தலாம்.

துவோராக் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1982 ஆம் ஆண்டு, அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் இவரது அமைப்பை மாற்று அமைப்பாக ஏற்றது. அத்தரத்தில் எண்கள் வழக்கமான ஏறுவரிசையிலேயே வைக்கப்பட்டன. 1984 ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் IIசி கணினியில் இரு அமைப்புகளுக்கும் இடையே மாறுவதற்கென ஒரு பொத்தானே இருந்தது. விண்டோஸ் 95 முதல் மைக்ரோசாஃப்ட் இயங்குதளங்களில் துவோராக் அமைப்பு இடம்பெறுகிறது.

உரைக் கன்சோலுக்கு மாற்றுதல்

லினக்ஸ் இயங்குதளத்தில் இரண்டு சூழல்கள் உள்ளன. ஒன்று சாளரங்களுடன் கூடிய வரைகலைச் சூழல். மற்றொன்று எழுத்துகளை மட்டும் காட்டும் உரைக் கன்சோல். இவ்விரண்டும் விசைப்பலகை அமைப்புகளை வெவ்வேறு வடிவங்களில் வைத்திருக்கின்றன. எனவே ஒன்றில் துவோராக் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்று தானாக மாறிவிடும் எனக் கொள்ள முடியாது.

உரைக் கன்சோலில் இயங்குதளத்தின் கருனியே அட்டவணையை வைத்திருக்கிறது. லோடுகீஸ் என்னும் கட்டளை ஒரு கோப்பைப் படித்து அந்த அட்டவணையை நிரப்புகிறது. கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு விசை எண்ணையும் அதற்குரிய குறியையும் கொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக, விசை எண் 16 குவெர்ட்டியில் கியூ எழுத்துக்கு உரியது. துவோராக் கோப்பில் அதே எண்ணுக்கு ஒற்றை மேற்கோள் குறி தரப்பட்டுள்ளது. விசை எண் 31 குவெர்ட்டியில் எஸ் எழுத்துக்கும் துவோராக்கில் ஓ எழுத்துக்கும் உரியது.

வரைகலைச் சூழலில் எக்ஸ்கேபி என்னும் வடிவம் பயன்படுகிறது. இதில் விசைகள் எண்ணால் அன்றி வரிசையையும் இடத்தையும் குறிக்கும் பெயர்களால் சுட்டப்படுகின்றன. எக்ஸ் சாளர முறைமையின் விசை எண்கள் கருனியின் எண்களைவிட எட்டு கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு வரைகலை அமைப்பைக் கன்சோலுக்குக் கொண்டுவர மூன்று மாற்றங்கள் தேவை:

- விசையின் இடப்பெயரைக் கருனியின் எண்ணாக மாற்றுதல்.
- எழுத்தின் பெயரைக் கன்சோல் அறியும் குறியாக மாற்றுதல்.
- ஷிஃப்ட் போன்ற விசைகளுடன் சேரும்போது தோன்றும் அடுக்குகளைக் கன்சோலின் தனித்தனி அட்டவணைகளில் பொருத்துதல்.

டெபியன் வழங்கலின் கன்சோல் அமைப்புத் தொகுப்பிலுள்ள சிகேபிகாம்ப் என்னும் நிரல் இவ்வேலையைச் செய்கிறது. அமைப்பின் பெயரைக் கொடுத்தால், லோடுகீஸ் ஏற்கக்கூடிய கோப்பை அது வெளியிடும். எல்லா அமைப்புகளும் முழுமையாக மாறுவதில்லை. உரைக் கன்சோல் கையாளக்கூடிய எழுத்துருவின் அளவும், இரு விசைகளைச் சேர்த்து ஓர் எழுத்தை உண்டாக்கும் அட்டவணையின் அளவும் வரம்புக்குட்பட்டவை. துவோராக் அமைப்பில் ஆங்கில எழுத்துகளும் எளிய குறிகளும் மட்டுமே இருப்பதால், மாற்றத்தில் எதுவும் இழக்கப்படுவதில்லை. லினக்சின் கன்சோல் தொகுப்பில் துவோராக் கோப்பு ஆயத்தமாகவே கிடைக்கிறது. இடக்கை, வலக்கைக்கான அமைப்புகளுக்கும் தனிக் கோப்புகள் உண்டு. நிரலர்களுக்கென அமைந்த மற்றொரு வடிவத்தில், 1936 ஆம் ஆண்டுக் காப்புரிமையின் எண் வரிசையும் மீண்டும் இடம்பெற்றுள்ளது.

நடைமுறையில் சில இடர்கள் எஞ்சுகின்றன. கடவுச்சொல் திரையில் தெரிவதில்லை என்பதால், கன்சோலும் வரைகலைச் சூழலும் வெவ்வேறு அமைப்புகளில் இருந்தால் சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படும். மறையாக்கம் செய்யப்பட்ட வட்டுக்கான கடவுச்சொல், இயங்குதளம் முழுமையாகத் தொடங்கும் முன்னரே கேட்கப்படுகிறது. அந்நிலையில் துவோராக் அட்டவணை ஏற்றப்பட்டிராவிடில் விசைப்பலகை குவெர்ட்டியாகவே இயங்கும். விஐ உரைத்தொகுப்பியில் சுட்டியை நகர்த்தும் நான்கு எழுத்துகள் குவெர்ட்டியில் அடுத்தடுத்து உள்ளன. துவோராக்கில் அவை சிதறிவிடுகின்றன. பொறி மாறிய பிறகும், பிற மென்பொருள்கள் குவெர்ட்டியை எண்ணி உருவாக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

மதிப்பீடு

1985 ஆம் ஆண்டு பொருளியலாளர் பால் டேவிட், குவெர்ட்டியின் நிலைபேற்றை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். முற்காலத்தில் நிகழ்ந்த ஒரு தேர்வு, சிறந்த மாற்று வந்த பின்னும் சந்தையைக் கட்டிப்போடக்கூடும் என்பது அவரது வாதம். 1990 ஆம் ஆண்டு ஸ்டான் லீபோவிட்ஸ், ஸ்டீபன் மார்கோலிஸ் ஆகியோர் இதனை மறுத்தனர். துவோராக் அமைப்பின் மேன்மைக்கான சான்றுகளே வலுவற்றவை என்றும், எனவே சந்தை தவறிவிட்டது என்று சொல்ல இயலாது என்றும் அவர்கள் வாதிட்டனர். இவ்விவாதத்தால் துவோராக்கின் பெயர் பொருளியல் பாடநூல்களிலும் இடம்பெறலாயிற்று.

துவோராக் அமைப்பில் விரல்கள் நகரும் தொலைவு குறைவு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதனால் வேகம் எவ்வளவு கூடுகிறது, கற்கச் செலவிடும் நேரத்துக்கு அது ஈடாகுமா என்பவையே விவாதத்துக்குரியவை. பொறியை மாற்றும் செலவு கணினிகளால் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. ஆயினும் பெரும்பாலோர் குவெர்ட்டியிலேயே தொடர்கின்றனர். விரல்களில் படிந்த பழக்கத்தை மாற்றும் செலவு குறையவில்லை என்பதை இது காட்டுகிறது. துவோராக் ஒரு கல்வி உளவியலாளராகத் தொடங்கிய இடமும் அதுவே.

இவற்றையும் பார்க்க

- தட்டச்சுப் பொறி
- விசைப்பலகை
- கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ்
- லில்லியன் கில்பிரெத்
- லினக்ஸ்